நல்வரவா? மொதல்ல கக்கூஸ் எங்கன இருக்குன்னு சொல்லுப்பு

என்ன பேராண்டி, ஆஸ்பத்திரிக்கு வர்றவுகளுக்கு வரவேற்புப் புத்தகம் எழுதுற வேலை உன் தலையில விழுந்திருக்காமே? சம்பளத்தோடயா, சும்மாவா? சம்பளத்தோடன்னா சரி, நல்லா எழுது. ஆனா பேனாவைத் தொறக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கெழவன் சொல்றதைச் செத்த நேரம் கேட்டுக்க. நான் ஆஸ்பத்திரியில சீக்காளியாப் படுத்ததை விட, சீக்காளிக்குத் துணையாக் கெடந்ததுதான் அதிகம். பெரியாஸ்பத்திரி வராந்தாவுலயும் துண்டை விரிச்சிருக்கேன், ஏசி போட்ட தனியார் ஆஸ்பத்திரி சோபாவுலயும் சாஞ்சிருக்கேன். ரெண்டு எடத்துலயும் முதுகு ஒரே மாதிரிதான் வலிச்சுச்சு.

மொதல்ல ஒண்ணு கேக்குறேன். ஆஸ்பத்திரிக்கு வர்றவனை 'வருக வருக'ன்னு எவனாச்சும் கூப்பிடுவானா? நம்ம பக்கத்துல வைத்தியம் முடிஞ்சு கெளம்புறப்ப, டாக்டரைப் பாத்து 'போயிட்டு வர்றேன்'னு சொல்ல மாட்டாக, கவனிச்சிருக்கியா? ஒரு கும்பிடைப் போட்டுட்டு சத்தமில்லாம நடையைக் கட்டிருவாக. டாக்டரும் கோவிச்சுக்க மாட்டாரு, அவருக்கும் தெரியும். அப்பேர்ப்பட்ட எடத்துல நீ குத்துவிளக்குப் படம் போட்டு, கை கூப்பி நிக்கிற பொம்பளைப்பிள்ளை படம் போட்டு, 'தங்கள் வருகையால் பெருமகிழ்ச்சி அடைகிறோம்'னு அச்சடிக்கப் போறியாக்கும். எங்க ஆத்தாவுக்கு இடுப்பு ஒடிஞ்சதுல உனக்கென்னடா பெருமகிழ்ச்சி?

இந்தா, கையில என்ன வச்சிருக்க? மாதிரிக்கு எங்கயோ வாங்கியாந்த புத்தகமா? குடு பாப்போம். ஆத்தி, வழவழன்னு இருக்கு. நல்ல கனம். மொத பக்கத்துல சேர்மன். கையைக் கட்டிக்கிட்டு நிக்காரு. ரெண்டாம் பக்கத்துல அவரு வீட்டம்மா. மூணாம் பக்கத்துல மகன், வெளிநாட்டுல படிச்சிட்டு வந்தவராம். அவரும் கையைக் கட்டிக்கிட்டுதான் நிக்காரு. அம்புட்டுப் பேரும் கையைக் கட்டிக்கிட்டு நின்னா ஊசியை யாருப்பா போடுறது?

நாலாம் பக்கம் தொலைநோக்கு. அஞ்சாம் பக்கம் குறிக்கோள். ஆறாம் பக்கத்துல இருந்து பத்தாம் பக்கம் வரைக்கும் மிஷினு. பெரிய வளையம் ஒண்ணு, அதுக்குள்ள ஆளைப் படுக்க வச்சுத் தள்ளுற மிஷினு. பக்கத்துல சிரிச்சுக்கிட்டே ஒரு சீக்காளி. அந்த வளையத்துக்குள்ள சிரிச்சுக்கிட்டே போன ஆளை நான் இன்னும் பாக்கலை. அப்பறம் வாங்கின விருது, நட்ட மரக்கன்னு, வந்து போன நடிகரு. நம்மூரு கல்யாணப் பத்திரிகை இப்படித்தான இருக்கும்? தாய்மாமன், பெரியப்பன், கட்சிக்காரர்னு பேரு பேரா அடுக்கிட்டு, மண்டபத்துக்கு எப்படிப் போறதுன்னு கடைசியில எறும்பு எழுத்துல போட்டிருப்பான். மொய் எழுத வந்தவன் பஸ் ஸ்டாண்டுல நின்னு வழி கேட்டுக்கிட்டு இருப்பான்.

இந்தப் புத்தகத்துல கக்கூஸ் எங்கன இருக்கு? தேடு. நல்லாத் தேடு. இல்லைல்ல? அம்புட்டுதான்.

உன் புத்தகத்தை யாரு படிக்கப் போறான்னு நெனச்ச? சீக்காளியா? அவரு கையில டிரிப்ஸு ஏறிக்கிட்டு இருக்கு. மூக்குக்கண்ணாடி வீட்டுல கெடக்கு. அவரு எதைப் படிக்க? படிக்கிறது துணைக்கு வந்தவுக. வயர்கூடையில பிளாஸ்க், ஒரு தட்டு, ஒரு டம்ளர், சுருட்டின பாய், போன் சார்ஜர், இடுப்புல முடிஞ்ச காசு. அப்படி வாசல்ல முழிச்சுக்கிட்டு நிக்குதே ஒரு பெரியமனுசி, அதுக்குத்தான் நீ எழுதணும். 2008-ல 108 வண்டி வந்த பெறகு, நடுராத்திரியிலயும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து சேர்றது லேசாப் போச்சு. வாசலைத் தாண்டின பெறகுதான் தவிப்பே ஆரம்பிக்குது. ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கம் ஓடும். 'நீங்க இங்கனயே இருங்க'ன்னு ஒரு குரல் கேக்கும். இங்கனயேன்னா எங்கன? எம்புட்டு நேரம்? யாரு வந்து சொல்லுவா? இந்த மூணு கேள்விக்கும் மொத பக்கத்துல பதில் வையி. சேர்மன் பதிமூணாம் பக்கத்துல நிக்கட்டும். கை கட்டித்தான இருக்கு, ஒண்ணும் அவசரமில்லை.

அப்பறம் கேளு. ஒரு சீக்காளியோட கூட மூணு பேரு வருவாக. காசு வச்சிருக்கிற ஆளு ஒண்ணு, பேசுற ஆளு ஒண்ணு, அழுகிற ஆளு ஒண்ணு. காசு வச்சிருக்கிறவருக்குப் பேச வராது. பேசுறவருக்கு சீக்காளி வீட்டுல என்ன மாத்திரை திங்கிறாருன்னு தெரியாது. தெரிஞ்சது அழுதுக்கிட்டு இருக்கிற பொம்பளைக்கு மட்டும்தான். டூட்டி டாக்டர் வந்து, 'சுகர் மாத்திரை ஒழுங்கா எடுத்தாரா?'ன்னு கேப்பாரு. பேசுற ஆளு நெஞ்சை நிமித்திக்கிட்டு, 'அதெல்லாம் கரெக்டா எடுப்பாருங்க'ம்பாரு. மாத்திரையை நிறுத்தி ஆறு மாசம் ஆன சங்கதி மூலையில முந்தானையில மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கும். இதுக்கு உன் புத்தகத்துல ஒரு வரி உண்டா? 'சீக்காளியோட அன்னாடம் இருக்கிறவுக யாரோ அவுகளை டாக்டர்கிட்டப் பேச விடுங்க. வீட்டுல திங்கிற மாத்திரை அட்டை, பழைய சீட்டு எல்லாத்தையும் மஞ்சப்பையில போட்டுக் கையோட கொண்டாங்க.' ரெண்டே வரி. வளையம் போட்ட மிஷினு படத்தை விட இது ஆளைக் காப்பாத்தும்.

இது என்ன, கட்டம் கட்டமா, புள்ளி புள்ளியா? 'மேலும் தகவலுக்கு இங்கே ஸ்கேன் செய்யவும்.' ஆஸ்பத்திரியில ஸ்கேன்னாலே எங்க சனத்துக்கு வயித்தைக் கலக்கும். போன தடவை ஒரு கெழவி இதைக் காட்டி, 'இந்த ஸ்கேனுக்கு எம்புட்டுய்யா ஆகும்?'னு கேட்டுச்சு. போன்ல காட்டினா விவரம் வரும்னு சொன்னேன். கெழவி பட்டன் போனை எடுத்து அந்தக் கட்டத்து மேலயே வச்சுச்சு. ஒண்ணும் வரலை. கட்டத்தைப் போடு, வேண்டாங்கலை. பட்டன் போன்காரிக்கும் ஒரு வழி வையி.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வருவோம். வெறும் வயிறு.

'அறுவை சிகிச்சைக்கு முன் உணவு உட்கொள்ளக் கூடாது'ன்னு இந்தப் புத்தகத்துல போட்டிருக்கு. நல்லது. நம்ம ஊருல காப்பி உணவுல சேத்தியா? டீ? வெத்தலைபாக்கு? எங்க மேலத்தெருக்காரர் ஒருத்தர் குடலிறக்க ஆபரேசனுக்குப் போனாரு. விடியக்காலையில கேண்டீன்ல பால் டீ ஒண்ணு. டேபிள்ல ஏத்துறதுக்கு முன்னாடி மயக்க டாக்டர் கேக்குறாரு, 'ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?' இவரு சத்தியமா ஒண்ணும் சாப்பிடலைங்கிறாரு. கூட இருந்த பேரன், 'தாத்தா டீ குடிச்சாரு'ன்னு சொல்லிட்டான். ஆபரேசன் மறுநாளைக்குத் தள்ளிப்போச்சு. இவரு பேரனை வையிறாரு. 'சாப்பாடா கேட்டாக, டீதானடா குடிச்சேன்!' அவரு மேல தப்பு சொல்லுவியா? அவரு கணக்குல சாப்பாடுன்னா இலை போட்டு உக்காரணும்.

பொதுவா மயக்க டாக்டர்க சொல்ற கணக்கு இதுதான். பெரியவுகளுக்குச் சோறு, இட்லி, பாலு, பால் சேத்த டீ காப்பி எல்லாம் ஆறு மணி நேரத்துக்கு முன்னாடியே நிறுத்தணும். வெறும் பச்சத்தண்ணி ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் ஆகும். எண்ணெய்ப் பலகாரம், கறிச்சோறுன்னா இன்னும் கூட நேரம் வேணும். ஏன்னு ஒரு வரியும் சேத்துச் சொல்லணும்ப்பா. மயக்கத்துல கெடக்குறப்ப வயித்துல இருக்கிறது மேல எதுக்களிச்சு வந்து நுரையீரலுக்குள்ள எறங்கிரும், உசுருக்கே ஆபத்து. அதைச் சொன்னேன்னு வையி, எங்க சனம் எச்சி முழுங்கக்கூட யோசிக்கும். காரணம் சொல்லாம 'கூடாது'ன்னா, 'ஒரு மடக்குதான'ன்னு குடிக்கும்.

இன்னொரு கூத்து இருக்கு. அடிவயித்து ஸ்கேனுக்கு நேர் எதிர்ப்பாடு. 'தண்ணி நெறையக் குடிங்க, ஒண்ணுக்குப் போகாம அடக்கிட்டு வாங்க'ம்பாக. மூத்திரப்பை நெறைஞ்சாத்தான் உள்ள இருக்கிறது தெளிவாத் தெரியும். ஒரே பொம்பளைக்கு திங்கக்கிழமை தண்ணி குடிங்கன்னு சொல்லி அனுப்புறாக, புதன்கிழமை தண்ணியே குடிக்காதீகன்னு சொல்றாக. அது ரெண்டையும் மாத்திப்போட்டு வந்து நிக்கும். நீ ஒரு பக்கத்தை நாலாக் கோடு போட்டு, எந்தச் சோதனைக்கு என்ன செய்யணும், எத்தனை மணியில இருந்துன்னு பெரிய எழுத்துல எழுது. மணியை நர்சம்மா பேனாவால எழுதிக் குடுக்கிற மாதிரி எடம் விடு. 'ராத்திரி பத்து மணிக்கு மேல'ன்னு எழுதினா மனுசனுக்குப் புரியும். 'எட்டு மணி நேரத்திற்கு முன்னதாக'ன்னு எழுதினா, எதுக்கு எட்டு மணி நேரம் முன்னாடின்னு விரலை மடக்கிக்கிட்டு உக்காந்திருக்கணும்.

மருந்துச் சீட்டுல மட்டும் என்ன வாழுதாம்? 1-0-1. காலையில ஒண்ணு, மத்தியானம் இல்லை, ராத்திரி ஒண்ணு. உனக்குத் தெரியும், எனக்கும் இப்பத் தெரியும். மொத தடவை பாக்குறவன் நூத்தியொண்ணுன்னுதான் படிப்பான். கல்யாணத்துக்கு மொய் வச்சே பழகின சனம் அது. சூரியன் படம் ஒண்ணு, நிலா படம் ஒண்ணு போட்டுக் குடுத்தா எழுதப் படிக்கத் தெரியாதவுகளும் பொழைச்சுக்குவாக. இதுக்கு எந்த வெளிநாட்டுப் படிப்பும் வேண்டாம்.

வழி காட்டுறதுன்னா எப்படின்னு தெரிஞ்சுக்கணும்னா ரொம்பத் தூரம் போக வேண்டாம். மதுரையில அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை 1976-ல டாக்டர் வெங்கடசாமி ஆரம்பிச்சப்ப மொத்தம் 11 கட்டில். சர்க்கார் வேலையில ஓய்வு வாங்கின மனுசன். அங்க போன கெழவன் கெழவிககிட்டக் கேட்டுப்பாரு. கிராமத்துப் பொம்பளைப்பிள்ளைகளை எடுத்து வேலை பழக்கி வச்சிருக்காக. அந்தப் பிள்ளைக வந்து 'வாங்க பாட்டி'ன்னு கையைப் பிடிச்சு அடுத்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போகும். கண்ணு தெரியாம வர்றவளுக்கு வழவழ புத்தகம் எதுக்கு? அந்தக் கைதான் புத்தகம். வேலூர்ல ஸ்கடர் அம்மா 1900-ல ஒத்தைக் கட்டிலோட தொடங்கின ஆஸ்பத்திரி இன்னிக்கு சி.எம்.சி.ன்னு நாட்டுக்கே தெரியும். வங்காளத்துல இருந்து சனம் ரயிலேறி வருது. அந்தத் தெருவுல போயி பாரு, மெஸ் போர்டு, லாட்ஜ் போர்டு எல்லாம் வங்காள எழுத்துல தொங்கும். வர்றவன் எந்த மொழியில தவிக்கிறானோ அந்த மொழியில எழுதணும்னு லாட்ஜ்காரருக்குத் தெரிஞ்சிருக்கு. நீ மதுரை ஜில்லாவுல உக்காந்துக்கிட்டு, மொதல்ல இங்கிலீசுல எழுதிட்டு, தமிழை கம்ப்யூட்டரை விட்டு எழுதச் சொல்ற. உன் ஆத்தாகிட்டப் பேசுற மாதிரி எழுதுடா.

காசு. இதைப் பேசுறதுக்கு இந்தப் புத்தகம் கூச்சப்படுது. எங்களுக்குக் கூச்சம் இல்லை, பயம்தான். அட்வான்ஸ் எம்புட்டு? அறை வாடகையில எதெது சேரும்? பஞ்சுக்குத் தனிக்காசா? கையுறைக்கு? இதைச் சேர்றப்பவே சொல்லிட்டா, மாட்டை விக்கிறதா, நகையை வைக்கிறதான்னு அன்னிக்கே முடிவு பண்ணிரலாம். கெளம்புற அன்னிக்குச் சொன்னா, ரெண்டையும் கேட்ட வெலைக்குத் தள்ள வேண்டியதுதான்.

காப்பீட்டு அட்டை சங்கதியை ஒரு முழுப் பக்கம் எழுது. 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம்னு வந்துச்சு. 2012-ல முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்னு ஆச்சு. வருச வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உள்ள இருக்கிற குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு. இலவச போன் 1800 425 3993. ஆனா எல்லா ஆஸ்பத்திரியிலயும் எல்லாச் சீக்குக்கும் செல்லாது. உன் ஆஸ்பத்திரியில எதுக்குச் செல்லும், எதுக்குச் செல்லாதுன்னு நேராச் சொல்லிரு. அட்டை பாக்கிற மேசை எங்கன இருக்குன்னும் சொல்லு. நான் பாத்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில அந்த மேசை மாடிப்படிக்குக் கீழ, தண்ணி டிரம்முக்குப் பின்னால இருந்துச்சு. கேஷ் கவுண்டர் மட்டும் வாசலுக்கு நேரா, மூணு ஜன்னலோட. ரோட்டுல அடிபட்டு வந்தா மொத 48 மணி நேரத்துக்கு சர்க்கார் செலவுல பாக்கிற திட்டமும் 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு, 'இன்னுயிர் காப்போம்'னு பேரு. அதுல உன் ஆஸ்பத்திரி சேந்திருக்கா? சேந்திருந்தா மறைக்காமப் போடு.

தனியார் இன்சூரன்ஸ் வச்சிருக்கிறவுகளுக்கு வேற மாதிரித் தலைவலி. காலையில பெரிய டாக்டர் வந்து, 'நீங்க வீட்டுக்குப் போகலாம்'ம்பாரு. நம்ம ஆளு சட்டையை மாட்டி, செருப்பைப் போட்டு, கூடையைக் கட்டி, கட்டில் நுனியில உக்காந்துருவாரு. ஊர்ல இருந்து வண்டியும் வந்துரும். மத்தியானம் ஆகும். பொழுது சாயும். 'இன்சூரன்ஸ்ல இருந்து மெயில் வரலை'ம்பாக. வீட்டுல ஆலாத்தி கரைச்சு வச்ச தட்டு காஞ்சு போகும். டிஸ்சார்ஜுக்கு அனுமதி கேட்டு ஆஸ்பத்திரி எழுதினா, மூணு மணி நேரத்துக்குள்ள இன்சூரன்ஸ்காரக பதில் சொல்லணும்னு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாசம் உத்தரவு போட்டிருக்கு, தெரியுமா? அதை எழுது. டாக்டர் போகலாம்னு சொன்னதுக்கும் வாசலைத் தாண்டுறதுக்கும் நடுவுல எத்தனை கையெழுத்து, எந்தெந்த மேசைன்னும் எழுது. வண்டிக்காரனை எத்தனை மணிக்கு வரச்சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியணும்ல?

இந்தப் புத்தகத்துல 'கூடாது' பக்கம் மட்டும் நல்லா நெறைஞ்சு வந்திருக்கு. எச்சில் துப்பக் கூடாது. தரையில படுக்கக் கூடாது. வெளிச் சாப்பாடு கூடாது. கூட்டம் கூடாது. துணி காயப்போடக் கூடாது. சரிப்பா. துப்பணும்னா எங்கன துப்ப? படுக்கணும்னா எங்கன படுக்க? துணியை நனைச்சா எங்கன உதற? ஒரு 'கூடாது' எழுதினா பக்கத்துலயே ஒரு 'இங்கன செய்யலாம்' எழுதணும்னு உனக்கு நீயே ஒரு சட்டம் போட்டுக்க. எழுத முடியலைன்னா அந்த எடத்தை மொதல்ல கட்டச் சொல்லு, புத்தகம் பெறகு வரட்டும். சாப்பாட்டையே எடுத்துக்க. சென்னை ராஜீவ் காந்தி ஆஸ்பத்திரி வளாகத்துலயே அம்மா உணவகம் வச்சாக. ஒரு ரூபாய்க்கு இட்லி, அஞ்சு ரூபாய்க்கு சாம்பார் சாதம், மூணு ரூபாய்க்குத் தயிர் சாதம். துணைக்கு வந்தவன் வயித்தை நெனச்சுப் பாத்த வெலை அது. இந்தப் புத்தகத்துல கேண்டீன் படம் போட்டு 'பல்சுவை உணவகம்'னு எழுதியிருக்கு. வெலை போடலை. வெந்நீர் எங்கன கெடைக்கும், எத்தனை மணிக்குக் கெடைக்கும்? துணைக்கு இருக்கிறவ பிளாஸ்கைத் தூக்கிக்கிட்டு மாடி மாடியா அலையிறது அதுக்குத்தான். ராத்திரி ரெண்டு மணிக்குத் தொறந்திருக்கிற டீக்கடையைப் போடு. கேண்டீன்காரர் கோவிச்சுக்குவாரு. கோவிச்சுக்கிட்டாப் போறாரு.

நம்ம சனத்தையும் சும்மா விடக்கூடாது. பாக்க வர்றேன்னு ஒரு வேனைப் புடிச்சு, கால்மேல கால்போட்டு கட்டில்ல உக்காந்து, சீக்காளிக்கு வாங்கியாந்த ஆரஞ்சை உரிச்சு தானே தின்னுக்கிட்டு, 'உங்களுக்கு வந்திருக்கே, இதே சீக்குத்தான் எங்க சித்தப்பாவுக்கும் வந்துச்சு'ன்னு ஆரம்பிப்பாரு ஒரு புண்ணியவான். 'இப்ப எப்படி இருக்காரு?'ன்னு படுத்திருக்கவரு ஆசையாக் கேப்பாரு. 'அவரு போன தையில போயிச் சேந்துட்டாரு.' கையோட ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசையில வச்சிட்டுக் கெளம்பிருவாரு. பத்து நாளு ஏத்தின மருந்து பத்து நிமிசத்துல எறங்கிரும். உன் 'கூடாது' பக்கத்துல இதுக்கு ஒரு வரி போடு. 'பாக்க வர்றவுக செத்தவுக கதை சொல்லக் கூடாது.' ஊரே கையெடுத்துக் கும்பிடும்.

யாரு யாருன்னும் சொல்லு. வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைக அம்புட்டுப் பேரும் டாக்டரா? படிக்க வந்ததுகளும் இருக்கும், ரத்தம் எடுக்க வந்ததும் இருக்கும், காலை மடக்கி நீட்டச் சொல்ற பிசியோவும் இருக்கும். எங்க சனம் கோட்டைக் கண்டா எந்திரிச்சு நின்னு எல்லாத்தையும் ஒப்பிச்சிரும். பெரிய டாக்டர் வர்றப்ப சொல்றதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது. அவரு எப்ப வருவாரு? அது ரமணமகரிசிக்கும் தெரியாது. காலையில ஆறு மணியில இருந்து காத்துக் கெடந்துட்டு, ஒருக்கா டீ குடிக்க எறங்கியிருப்ப, அந்த அஞ்சு நிமிசத்துல வந்துட்டுப் போயிருப்பாரு. 'பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் இத்தனை மணியில இருந்து இத்தனை மணிக்குள்ள'ன்னு எழுது. மணி தப்பினாலும் பரவாயில்லை, தோராயமாச் சொன்னாலே டீயை ஒழுங்கா நேரம் பாத்துக் குடிச்சுக்குவோம். பக்கத்துலயே ஒரு பக்கத்தை வெறுமன விடு. மேல, 'டாக்டர்கிட்ட கேக்கணும்னு நெனச்சது'ன்னு மட்டும் போடு. டாக்டர் மொகத்தைப் பாத்தா எங்களுக்கு நெனப்பு அத்துப் போகும், தாளு இருந்தா அதைப் பாத்துக் கேப்போம். பாரு, இந்தப் புத்தகத்துலயே நீ ஒண்ணும் எழுதாத பக்கம்தான் நல்ல பக்கமா இருக்கப் போகுது.

சக்கர நாற்காலி தள்ளுறவருக்கு, துணி மாத்துறவருக்கு, பிள்ளை பொறந்த சேதி சொல்றவருக்குன்னு டீக்காசு கேக்குற வழக்கம் உண்டுன்னு ஊருக்கே தெரியும். ஆம்பளைப் பிள்ளைன்னா ஒரு ரேட்டு, பொம்பளைப் பிள்ளைன்னா ஒரு ரேட்டு. இந்தப் புத்தகத்துல 'எங்கள் ஊழியர்கள் அன்பின் உருவம்'னு எழுதியிருக்கு. நீயும் அப்படி எழுதினா, அன்புக்கு எம்புட்டுன்னு சேத்துப் போட்டுரு. இல்லைன்னா, 'யாருக்கும் ஒத்தைப் பைசா குடுக்க வேண்டாம், கேட்டா இந்த நம்பருக்குச் சொல்லுங்க, உங்க பேரு வெளிய வராது'ன்னு எழுது. பேரு வெளிய வராதுங்கிறதைத் தடிச்ச எழுத்துல போடு. கட்டில்ல படுத்திருக்கிறது எங்க ஆளு, பகைச்சுக்க முடியுமா?

உரிமைன்னு ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிப்புடுறேன். 2018-ல தேசிய மனித உரிமை ஆணையம் நோயாளிகளுக்கு 17 உரிமைன்னு வரிசையா எழுதிக் குடுத்துச்சு. என்ன சீக்கு, என்ன வைத்தியம், எம்புட்டு ஆகும்னு கேக்கலாம். வேற டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்னு சொல்லலாம். கேஸ் தாளு, டெஸ்ட் தாளு நகல் கேக்கலாம். பில்லு பாக்கின்னு சொல்லி ஆளையோ உடலையோ புடிச்சு வச்சுக்கக் கூடாது. அடிபட்டு உசுருக்குப் போராடுறவனைப் போலீஸ் வரட்டும்னு காக்க வைக்கக் கூடாதுன்னு 1989-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. உன் சேர்மன் இதைப் பாத்தா, 'எதுக்குப்பா தேவையில்லாம'ம்பாரு. அப்ப நீ கையைக் கட்டிக்கிட்டு நில்லு. அவரு பாணிதான, ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

இன்னும் ஒரு பக்கம் பாக்கி. அதை எந்தப் புத்தகத்துலயும் நான் பாத்ததில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவுக எல்லாரும் நடந்தா வீட்டுக்குப் போறாக? நடுச்சாமத்துல வந்து 'எங்களால முடிஞ்சது பாத்துட்டோம்'னு சொல்லுவாக. அடுத்து என்ன செய்யணும்னு யாருக்கும் தெரியாது. எந்த மேசையில கையெழுத்து, எந்தத் தாளு வாங்கணும், விபத்துன்னா போலீசும் போஸ்ட்மார்ட்டமும் உண்டா, உடம்பை எப்பக் குடுப்பாக, வண்டிக்கு என்ன வழி? வாசல்ல நிக்கிற வண்டிக்காரன் மொகத்தைப் பாத்து வெலை சொல்லுவான். அழுகிற மொகத்துக்கு வெலை கூட. நம்ம மாநிலத்துல சர்க்கார் ஆஸ்பத்திரியில இறந்தவுகளை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேக்க இலவச அமரர் ஊர்தி இருக்கு, 155377-ன்னு நம்பரு. இது எத்தனை பேருக்குத் தெரியும்? வரவேற்புப் புத்தகத்துல இதைப் போட்டா அபசகுனம்னு சொல்லுவாக. சரி, புத்தகத்துல வேண்டாம். தனித்தாளா அடிச்சு நர்சம்மா மேசை டிராயர்ல வச்சிரு. வேணுங்கிறப்ப அவுக எடுத்துக் குடுக்கட்டும். ஆனா அடிச்சு வையி.

இம்புட்டையும் எங்க போயிக் கேக்குறதுன்னு முழிக்காத. மீட்டிங் போடாத. மீட்டிங்ல இருக்கிறவுக யாரும் அந்த வராந்தாவுல படுத்தவுக இல்லை. வாசல்ல நிக்கிற செக்யூரிட்டிகிட்டப் போ. ஒரு நாளைக்கு அதே கேள்வியை நூறு பேருகிட்ட வாங்கி வாங்கிச் சலிச்சுப்போன மனுசன் அவரு. எரிஞ்சு விழுவாரு, பொறுத்துக்க. பெருக்குற ஆயாகிட்டக் கேளு. எதிர்த்த டீக்கடைக்காரர்கிட்டக் கேளு. எந்த ஜன்னல்ல எந்தச் சீட்டு, ரத்தம் எங்க குடுக்க, ஞாயித்துக்கிழமை எந்த டாக்டர் இருப்பாருன்னு அவருக்குத் தெரியாததா? அவரு சொல்றதை அப்படியே எழுதிக்க, அழகுபடுத்தாத.

எழுதி முடிச்சு, அச்சுக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோலி இருக்கு. கையில எழுதினதை வாசல்ல வந்து எறங்குற ஒரு பெரியமனுசிகிட்டக் குடு. படிக்கத் தெரியலைன்னா நீயே படிச்சுக் காட்டு. 'இப்ப ரத்தம் டெஸ்ட் எடுக்கிற எடத்துக்குப் போங்க பாப்போம்'னு சொல்லிட்டு, பின்னாடியே நட. அது எங்கன நின்னு முழிக்குதோ அந்த எடத்தைக் குறிச்சுக்க. அங்கதான் உன் எழுத்து காணலை.

கடைசிப் பக்கத்துல போன் நம்பர் போடுவல்ல, அதை ராத்திரி ரெண்டு மணிக்கு நீயே ஒருக்கா அடிச்சுப் பாரு. எடுத்தாப் போடு, எடுக்கலைன்னா போடாத. நாளைக்குக் காலையில ஏழரை மணிக்கெல்லாம் ஓ.பி. வாசல்ல போய் நில்லு. நோட்டு கொண்டுபோ, செருப்பு தேயிறதா இருந்தாத் தேயட்டும். சேர்மனைப் போட்டோ எடுக்கிறதை அடுத்த வாரம் வச்சுக்கலாம்.